டெரிட்டோரியல் ஆர்மி: 'பகுதிநேர' ராணுவத்தால் என்ன பயன்?

கேள்வி | 10 மே 2025

டெரிட்டோரியல் ஆர்மியை அழைக்கப் போகிறார்கள் என்று செய்தி ஓடுகிறது. மோகன்லால், தோனி போன்றவர்களுக்குக் கௌரவப் பதவி கொடுப்பதற்கான அமைப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வருடத்தில் கொஞ்ச நாள் அணிவகுப்புக்குப் போய்வருகிற பகுதிநேர ஆட்களால் சண்டையில் என்ன பயன்? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் | 10 மே 2025, இரவு 10.20

நான் அதில் இருந்தவன். 1994இல் சேர்ந்தேன், 2011இல் வெளியே வந்தேன். மெட்ராஸ் ரெஜிமென்டோடு இணைந்த ஒரு டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி) காலாட்படைப் பட்டாலியன். எங்கே எந்தப் பாலத்தில் நின்றோம் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

முதலில் 'பகுதிநேரம்' என்ற சொல். சேரும்போது அது சரிதான். உங்களுக்கு வெளியே ஒரு வேலை, ஒரு வருமானம் இருக்க வேண்டும் என்பதே விதி. வருடத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி முகாம், மீதி நாள் சொந்தப் பிழைப்பு. ஆனால் 'எம்பாடி' ஆகிவிட்டால், அதாவது அரசு அழைத்து முழுநேரப் பணியில் சேர்த்துவிட்டால், அந்த நாளிலிருந்து நீங்கள் ராணுவத்தான். அதே சட்டம், அதே சம்பளம், அதே துப்பாக்கி. குண்டுக்கு யார் பகுதிநேரம், யார் முழுநேரம் என்று தெரியாது.

பதினேழு வருடத்தில் நான் அப்படி முழுநேரமாக இருந்தது ஒன்பது வருடத்துக்கும் கொஞ்சம் மேல். இதை அணிவகுப்புக்குப் போய்வந்தது என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது. உங்கள் மேல் கோபமில்லை. என் அக்கா வீட்டுக்காரரே அப்படித்தான் கேட்பார்.

11 மே 2025, காலை 6.05

செய்தியைச் சரியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். மே 6ஆம் தேதி அறிவிக்கை வந்திருக்கிறது. 1948ஆம் வருட டி.ஏ. விதிகளில் 33ஆவது விதிப்படி, ஆட்களைக் காவலுக்கு அழைக்கவோ, ராணுவத்துக்குத் துணையாக எம்பாடி செய்யவோ தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறார்கள். இருக்கிற 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ எம்பாடி செய்வதற்கான அனுமதி. காலம் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை. மூன்று வருடம்.

நேற்று இரவு ஒரு நண்பர் தொலைபேசியில் 'எல்லாரையும் கூப்பிடுகிறார்கள்' என்றார். அப்படியில்லை.

மூன்று வருடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு தையல் கடைக்காரனையோ ஆட்டோ ஓட்டுபவனையோ வேறு ஊருக்கு மூன்று வருடம் அனுப்பினால் அவன் கடை என்ன ஆகும்? இதை யாரும் பேசுவதில்லை. பிறகு எழுதுகிறேன், பட்டறைக்குப் போக நேரமாகிவிட்டது.

11 மே 2025, இரவு 9.15

சண்டையில் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

டி.ஏ.வின் முதல் வேலை முன்னால் ஓடிப்போய்ச் சண்டை போடுவது இல்லை. பாலம், கிடங்கு, சாலை, தகவல் கம்பி, எண்ணெய்க் குழாய் போன்ற நிலையான இடங்களை நாங்கள் பார்த்துக்கொண்டால், அங்கே நிற்கும் வழக்கமான படையை விடுவித்து எல்லைக்கு அனுப்பலாம். பேரிடர் வந்தால் மாவட்ட நிர்வாகத்துக்கு உதவ வேண்டும். அத்தியாவசியச் சேவை நின்றுபோகாமல் பார்க்க வேண்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் முழுப் படைப்பிரிவாகவே போக வேண்டும். 1962, 1965, 1971 போர்கள் மூன்றிலும் டி.ஏ. இருந்தது. பஞ்சாப், காஷ்மீர், வடகிழக்கு எல்லாவற்றிலும் இருந்தது.

ஒரு பாலத்தைக் காப்பது என்ன பெரிய வேலை என்று நானும் முதலில் நினைத்தேன். காலையில் கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, கிளம்பும் முன் சாலையோரம் முழுக்க நடந்து, புதிதாகக் கிளறிய மண் இருக்கிறதா, நேற்று இல்லாத கல் இன்று இருக்கிறதா என்று பார்ப்போம். 'ரோடு ஓப்பனிங்' என்பார்கள். தினமும் அதே சாலைதான். நூறாவது நாளும் முதல் நாள் கண்ணோடு பார்க்க வேண்டும். மாலை இருட்டும்போதும் விடியும்போதும் மொத்தப் பேரும் மோர்ச்சாவில் (காவல் பதுங்குகுழியில்) துப்பாக்கியோடு நிற்க வேண்டும். குளிரில் விரல் விறைத்துப்போய், வீட்டில் அம்மா சுடுதண்ணீர் வைக்கும் அடுப்பை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றும் நடக்காத நாள்தான் நாங்கள் வேலையைச் சரியாகச் செய்த நாள். அதனால்தான் எங்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

15 மே 2025

நீரஜ் சோப்ராவுக்கு டி.ஏ.வில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி என்று செய்தி வந்ததும், 'பார், இன்னொரு பிரபலம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீரஜ் 2016லேயே ராஜ்புதானா ரைஃபிள்ஸ் ரெஜிமென்டில் நாயப் சுபேதாராக (இளநிலை அதிகாரியாக) ராணுவத்தில் சேர்ந்தவர். ராணுவத்துக்கு வெளியே இருந்து வந்தவர் இல்லை.

மற்றவர்கள் கௌரவப் பதவி வாங்கிய வருடம்: கபில்தேவ் 2008, மோகன்லால் 2009, தோனி 2011. தோனி 2019இல் 106ஆவது பாரா (பாராசூட் படை) டி.ஏ. பட்டாலியனோடு காஷ்மீரில் இரண்டு வாரம் இருந்து காவலும் ரோந்தும் பார்த்தார். எனக்கு இந்தப் பதவிகள் மேல் புகார் கிடையாது. கோவை ஆள்சேர்ப்பில் வரிசையில் நிற்கும் பையன்களில் பாதிப்பேருக்கு டி.ஏ. என்ற பெயரே தோனியால்தான் தெரியும்.

கௌரவப் பதவி வேறு, தேர்வு எழுதி அதிகாரி ஆவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும் பட்டதாரி, 42 வயதுக்குள், தேர்வும் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் தாண்டி வரலாம். சச்சின் பைலட் மத்திய அமைச்சராக இருந்தபோது 2012இல் அப்படித்தான் வந்தார்.

18 மே 2025, ஞாயிறு

முன்பு வேறொரு இடத்தில் 'டி.ஏ. சட்டம் வந்தது 1949' என்று எழுதியிருந்தேன். ஒரு அன்பர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. சட்டம் 1948. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி முறைப்படி தொடங்கிவைத்தது 1949 அக்டோபர் 9. அதனால்தான் அக்டோபர் 9 டி.ஏ. தினம்.

ஆனால் வேர் அதற்கும் பின்னால் போகிறது. முதல் உலகப் போரின் நடுவில், 1917இல் இந்தியன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் வந்தது. 1920இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஆக்சிலரி ஃபோர்ஸ். இந்தியருக்கு டெரிட்டோரியல் ஃபோர்ஸ். நம் பக்கத்தில் தென்னிந்திய ரயில்வேக்கும் நீலகிரி மலபார் பகுதிக்கும் இருந்த தொண்டர் படைகள் முதல் வகை. இந்தியர்களின் படை பெரும்பாலும் காலாட்படையோடு நிறுத்தப்பட்டது, பீரங்கியெல்லாம் அந்தப் பக்கம்தான். ஒரே நாட்டுக்குத் தொண்டு செய்ய வந்தவனைத் தோல் பார்த்துப் பிரித்த ஏற்பாடு இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறாது.

இதில் நம்மவர் கதை ஒன்று உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758இல் தொடங்கியது. தொப்பியில் நாம் பார்க்கிற யானைச் சின்னம், 1803 அசாயே போருக்காகக் கிடைத்தது. அப்படிப்பட்ட ரெஜிமென்டின் வழக்கமான பட்டாலியன்களை 1920களில் ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 'தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான்' என்ற எண்ணம்தான் காரணம். வடக்கில் இன்ன சாதி, இன்ன இனம் மட்டும்தான் போர்க்குணம் உள்ளது என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். பட்டாலியன்கள் போன பிறகும் மதராஸ் ரெஜிமென்டின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தவை டெரிட்டோரியல் பட்டாலியன்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது.

நீலகிரி வெலிங்டனில், ரெஜிமென்டின் பயிற்சி மையத்தில், முதல் தடவை 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற போர் முழக்கத்தைக் கத்தியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஓங்கிக் கத்தியிருப்பேன்.

19 மே 2025

திருச்சிக்காரர் ஒருவர் 'கோவையை மட்டும் சொல்கிறீர்களே' என்கிறார். சரி, சேர்த்துக்கொள்கிறேன். கோவையில் இருப்பது 110ஆவது டி.ஏ. பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமென்டோடு இணைந்தது. திருச்சியில் 117, கார்ட்ஸ் ரெஜிமென்டோடு இணைந்தது. கேரளத்தில் 122, அதுவும் மெட்ராஸ். மோகன்லால் இருப்பது அதில்.

ஆரம்பத்தில் டி.ஏ.வில் கவசப் படை, விமான எதிர்ப்புப் பீரங்கி, சிக்னல், மருத்துவம் எல்லாமே இருந்தன. 1972க்குள் அவற்றைக் கலைத்தோ வழக்கமான ராணுவத்தோடு சேர்த்தோ விட்டார்கள். அவற்றோடு இருந்த காலாட்படை மட்டும் தங்கியது.

2 ஜூன் 2025, இரவு

கடை என்ன ஆகும் என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். என் கதையையே சொல்கிறேன்.

கோவையில் ஒரு லேத்துப் பட்டறையில் டர்னராக இருந்தேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைவது. எம்பாடி ஆணை வந்தபோது முதலாளி தோளைத் தட்டி, 'போயிட்டு வாப்பா, உன் மெஷின் உனக்குத்தான்' என்றார். மனசாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்துத் திரும்பினேன். அந்த லேத்தில் வேறொரு பையன். நன்றாகவே கடைந்துகொண்டிருந்தான். முதலாளி என்னை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். உதவியாள் வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார், பாதிச் சம்பளத்துக்கு.

நான் சண்டை போடவில்லை. அந்தப் பையனுக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நேராக வீட்டுக்குப் போகாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு கணபதி (கோவையில் ஒரு பகுதி) வரைக்கும் சுற்றிவிட்டுப் போனேன். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாலு மாதம் கழித்து வேறு பட்டறை கிடைத்தது. அடுத்த முறை அழைத்தபோதும் போனேன். ஏன் போனாய் என்று என் மனைவி இன்னும் கேட்பாள். அங்கே என் பிளட்டூனில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருவன் தறி ஓட்டுபவன், ஒருவன் பஞ்சாயத்து ஆபீஸ் எழுத்தர், பாலக்காட்டுக்காரன் ஒருவன் ரப்பர் பால் வெட்டுபவன். எல்லாரும் என்னைப்போல எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் வரும்போது நான் வராமல் எப்படி இருப்பது?

3 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வழக்கறிஞர் ஒருவர் கேட்கிறார்: 'சட்டம் இருக்கிறதே, ஏன் கேட்கவில்லை?'

இருக்கிறது. டி.ஏ. சட்டத்தில் 7ஏ பிரிவு. பணிக்கு அழைக்கப்பட்டவன் திரும்பி வந்தால், முன்பு இருந்த வேலையைக் குறைவில்லாமல் திருப்பித் தர வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை. எனக்கு அன்று அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நாலு பேர் வேலை செய்யும் பட்டறைமேல் வழக்குப் போட்டிருப்பேனா என்றால், மாட்டேன். அரசு அலுவலகத்திலும் பொதுத்துறையிலும் இருப்பவனுக்கு அந்தச் சட்டம் கை கொடுக்கும். கூலி வேலைக்காரனுக்கும் சொந்தக் கடை வைத்திருப்பவனுக்கும் அது எட்டாது. வாடிக்கையாளரைத் திருப்பிக் கொடு என்று எந்தச் சட்டம் சொல்லும்?

யார்மேலும் பழி போட இதை எழுதவில்லை. அழைக்கிற அரசே அந்தச் சின்ன முதலாளிக்கும் ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஒரு நல்ல டர்னரை மூன்று வருடம் இழக்கிறார் அவர். அதுவும் நாட்டுக்குச் செய்வதுதானே.

20 ஜூன் 2025

பேச்சு துப்பாக்கியிலேயே நின்றுவிட்டது. டி.ஏ. மரம் நடுகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். உத்தராகண்டின் முசூரி மலையில் சுண்ணாம்புக் கல் வெட்டி வெட்டி மலையே வெள்ளையாகப் போயிருந்தது. 1982இல் அங்கே முதல் சுற்றுச்சூழல் பட்டாலியனை எழுப்பினார்கள். 127ஆவது டி.ஏ. பட்டாலியன், கார்வால் ரைஃபிள்ஸ் ரெஜிமென்டோடு இணைந்தது. அந்த ஊர் முன்னாள் படைவீரர்களே ஆட்கள். அடுத்தது ராஜஸ்தானில், கால்வாய் ஓரம் மணல் வந்து மூடாமல் இருக்க மரம். ராணுவ ஒழுங்கோடு நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆடுமாடு மேயாமல் காவலும் இருந்தால் செடி பிழைக்கிறது. நட்டுவிட்டுப் புகைப்படம் எடுத்துப் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காவல்தான்.

ரயில்வே, எண்ணெய் நிறுவன ஊழியர்களுக்கும் தனி டி.ஏ. பிரிவுகள் உண்டு. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ரயில்வே டி.ஏ.வைக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வேன். இப்போது யோசித்துப் பார்த்தால், சீருடை போட்டு எஞ்சினில் ஏறியவனும் வெளியே கொடி பிடித்து நின்றவனும் ஒரே காலனியில் குடியிருந்தவர்கள். மறுவாரம் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? எனக்கு அந்த நிலைமை வந்ததில்லை, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

30 ஜூலை 2025

வயநாடு நிலச்சரிவு நடந்து இன்றோடு ஒரு வருடம். சூரல்மலை, முண்டக்கை. முதலில் அங்கே போய்ச் சேர்ந்த ராணுவத்தினரில் 122ஆவது டி.ஏ. பட்டாலியன் ஆட்களும் உண்டு. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடி பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளை இணைத்துப் போடும் தற்காலிகப் பாலம்) போட்டதை எல்லாரும் பார்த்தோம், பார்க்க வேண்டியதும்கூட. பாலம் வரும் முன்னால் சேற்றில் இறங்கியவர்களில் பக்கத்து மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள் என்பதை நினைக்கிறேன். மொழி தெரிந்தவன், மழையும் மண்ணும் தெரிந்தவன், வீட்டை இழந்த பாட்டியிடம் 'அம்மச்சி' என்று பேசத் தெரிந்தவன். டெரிட்டோரியல் என்ற சொல்லுக்கு நான் கொள்கிற பொருள் அதுதான்.

போன வருடம் அது நடந்த மறுநாள் என் பழைய சுபேதார் சாபிடம் தொலைபேசியில் பேசினேன். 76 வயது. 'கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்டா' என்றார். வேறொன்றும் பேசவில்லை.

6 ஆகஸ்ட் 2025

பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்குப் பென்ஷன் இல்லை.

ஜவான்களுக்கு எம்பாடி ஆகியிருந்த காலம் எல்லாம் கூட்டிப் பதினைந்து வருடம் வர வேண்டும். அதிகாரிக்கு இருபது. விட்டுவிட்டு வந்த காலங்களைச் சேர்த்துக்கொள்வார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அழைத்தால்தான் கணக்கு ஓடும். வீட்டில் தயாராகக் காத்திருந்த வருடங்கள் கணக்கில் வராது. எனக்கு ஒன்பது சொச்சம்.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. சட்டத்தின் கண்ணில் நான் 'முன்னாள் படைவீரர்' இல்லை. டி.ஏ.காரனுக்கு அந்தப் பெயர் கிடைக்க, பென்ஷன் வாங்குபவனாக இருக்க வேண்டும், பணியில் ஊனமுற்றிருக்க வேண்டும், இல்லை வீரப் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். ஒரு முறை வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, 'நீங்க இதுல வர மாட்டீங்க' என்று அடித்துக் கொடுத்தார். அவர்மேல் தவறில்லை, விதி அப்படி. காசுக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல் எனக்கு வேண்டும்.

7 ஆகஸ்ட் 2025

நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன், டி.ஏ.வில் யாருக்குமே பென்ஷன் கிடைக்காது என்று புரிந்துகொள்ள வேண்டாம். என்னோடு இருந்தவர்களில் தொடர்ந்து பணியில் இருந்து பதினைந்து முடித்தவர்கள் வாங்குகிறார்கள்.

இங்கேதான் என் பழைய எண்ணம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'டி.ஏ. வேலை இல்லை, தொண்டு. வேலை தேடுபவன் இங்கே வரக்கூடாது' என்று பல இடத்தில் எழுதியிருக்கிறேன். 2024 நவம்பரில் கோவையில் ஆள்சேர்ப்பு நடந்தபோது போய்ப் பார்த்தேன். பேருந்து நிலையத்திலும் நடைபாதையிலும் படுத்திருந்த பையன்கள். ராஜஸ்தான், குஜராத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வந்திருந்தார்கள். நாலு வருட ராணுவப் பணிக்கான அக்னிபத் திட்டத்தில் வயது தாண்டியவன், அதில் சேர்ந்தால் நாலு வருடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தவன், எல்லாருக்கும் 42 வயது வரை திறந்திருக்கும் கதவு இது. அவர்களிடம் போய் 'தொண்டு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டாலியன்களை வருடக்கணக்கில் எம்பாடியிலேயே வைத்திருக்கும்போது அது வேலைதான். முழு வேலை. உத்தரவாதம் மட்டும்தான் பாதி.

9 அக்டோபர் 2025

இன்று டி.ஏ. தினம். பழைய ஆட்களுக்கெல்லாம் காலையிலேயே பேசிவிட்டேன். பாலக்காட்டுக்காரன், 'லங்கர்ல (ராணுவச் சமையற்கூடம்) நீங்க வெச்ச சாம்பாரை இன்னும் மறக்கலை' என்றான். அதற்கு அன்று அவன் தேங்காய் கேட்டுச் சண்டை போட்டதை நானும் மறக்கவில்லை.

முதல் கேள்வி கேட்ட தம்பி இன்று தனியாகக் கேட்டிருக்கிறார். அவர் அக்கா மகன் அடுத்த ஆள்சேர்ப்புக்குப் போக நினைக்கிறானாம், அனுப்பலாமா என்று. இதை எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

அனுப்புங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அசலோடு போகட்டும். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே ஓடட்டும், அந்தக் காலையில் மட்டும் ஓடினால் நுரையீரல் ஒத்துழைக்காது. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், கம்பியில் தொங்கி எழ வேண்டும். பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று எவனாவது வந்தால் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் பெண் வீட்டில் 'எம்பாடி' என்றால் என்ன என்று முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

12 அக்டோபர் 2025

ஒன்றை விட்டுவிட்டேன். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், திருப்பி அனுப்பும்போதும், ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு பையில் போட்டு வைக்கட்டும். போன தேதி, வந்த தேதி. என்னிடம் ஒரு நகல் குறைகிறது. அந்தப் பதினொரு மாதத்தைப் பதிவில் சேர்க்கச் சொல்லி இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது வந்தாலும் பதினைந்து வராது. இருந்தாலும் அந்தப் பதினொரு மாதம் நான் அங்கே இருந்தேன்.